கார் ஆடியோவுக்கு எந்த ஒயர், எவ்வளவு தடிமன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பீக்கருக்கும் ஆம்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) மாதக்கணக்கில் விமர்சனம் படிப்பவர்கள்கூட ஒயர் விஷயத்தில் "கடைக்காரரே போட்டுவிடுவார்" என்று விட்டுவிடுகிறார்கள். பழைய செட்டை மாற்றப் போகிறவர்களும், புதிதாக ஆம்ப், சப்வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) வைக்கப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகளைத் திரட்டி, பதிலோடு கீழே கொடுத்திருக்கிறேன்.

ஸ்டீரியோவை மட்டும்தான் மாற்றுகிறேன். புது ஒயர் இழுக்க வேண்டுமா?

வேண்டாம். ஸ்டீரியோவின் உள்ளே இருக்கும் சின்ன ஆம்ப் ஒரு சேனலுக்குச் சுமார் 20 வாட்தான் உண்மையில் தருகிறது. பெட்டிமேல் "50 வாட் × 4" என்று போட்டிருப்பது உச்சக் கணக்கு. 14 வோல்ட்டை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கரில் அதற்குமேல் சுத்தமாக எடுக்க வழியில்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த ஒயர் இந்த அளவுக்குத் தாராளமாகப் போதும்.

உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் மட்டும் வாங்குங்கள். ஒரு பக்கம் காரின் சாக்கெட்டிலும் மறுபக்கம் புது ஸ்டீரியோவிலும் செருகிக்கொள்ளும். சில நூறு ரூபாய் சமாச்சாரம். அதை மிச்சம் பிடிக்க காரின் ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுகிற ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மஞ்சள் எப்போதும் வரும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வருவது, கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. இந்த நான்கிலும் கறுப்புக் கோடு போட்ட ஜோடிதான் மைனஸ். காரின் பக்கம் இருக்கும் ஒயர்களுக்கு இந்த நிறக்கணக்கு பொருந்தாது. அங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழக்கம், மல்டிமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆம்ப் வைத்தால் மட்டும் ஏன் பேட்டரியிலிருந்து தனி ஒயர்? ஸ்டீரியோ பின்னாலேயே கரன்ட் இருக்கிறதே?

அந்த ஒயர் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸை நம்பிப் போடப்பட்டது. சாதாரண நாலு சேனல் ஆம்ப் ஒன்றே சத்தம் ஏற்றினால் 40 ஆம்பியர் கேட்கும். ஃபியூஸ் அடிக்கடி போகும். உடனே யாராவது "பெரிய ஃபியூஸ் போடு" என்பார். அப்போது போவது ஃபியூஸ் இல்லை, டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒயர்.

கேஜ் என்கிறார்கள், ஸ்கொயர் எம்எம் என்கிறார்கள். எதை நம்புவது?

ஸ்கொயர் எம்எம்மை நம்புங்கள். அது உள்ளே இருக்கும் உலோகத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு. கேஜ் அமெரிக்க அளவு. எண் குறையக் குறைய ஒயர் தடிக்கும், மூன்று எண் இறங்கினால் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 16 கேஜ் என்றால் சுமார் 1.3 ஸ்கொயர், 12 கேஜ் 3.3, 8 கேஜ் 8.4, 4 கேஜ் 21, அதற்குமேல் ஜீரோ கேஜ் 53.

கடையில் "4 கேஜ்" என்று எழுதிய ஒயரின் மேலுறை விரல் தடிமன் இருக்கும், வெட்டிப் பார்த்தால் உள்ளே பென்சில் முனை அளவு கம்பி இருக்கும். மலிவான ஒயர்களில் இது சர்வசாதாரணம். கேஜை அவரவர் இஷ்டத்துக்கு அச்சடித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் ஸ்கொயர் எம்எம் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள் என்கிறேன். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

சரி, என் ஆம்புக்கு எத்தனை கேஜ் வேண்டும்?

ஆம்பின் ஆர்.எம்.எஸ். வாட்டை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். "மேக்ஸ் 3000 வாட்" என்று அட்டையில் இருப்பதை மறந்துவிடுங்கள். ஆம்ப் கிளாஸ் டி வகையாக (சூடாக வீணாவது குறைவு) இருந்தால் அந்த வாட்டை 0.8-ஆல் வகுங்கள், பழைய ஏபி வகையாக இருந்தால் 0.55-ஆல். வருவதை 13.8-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் ஏறத்தாழ இருக்கும் வோல்ட்டேஜ்தான் அந்த 13.8.

உதாரணத்துக்கு, 500 வாட் கிளாஸ் டி மோனோ (ஒரே சேனல்) ஆம்ப். 500-ஐ 0.8-ஆல் வகுத்தால் 625 வாட். அதை 13.8-ஆல் வகுத்தால் 45 ஆம்பியர். 75 வாட் × 4 ஏபி ஆம்ப் என்றால் கணக்கு 40-க்கு வரும். வாட் குறைவாக இருந்தும் கிட்டத்தட்ட அதே கரன்ட், ஏனென்றால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வெறும் சூடாகப் போய்விடுகிறது.

அடுத்தது தூரம். ஹேட்ச்பேக் காரில் பானட்டிலிருந்து டிக்கி வரை வளைந்து நெளிந்து போனால் 5 மீட்டர் ஆகிவிடும். 45 ஆம்பியர், 5 மீட்டர், நல்ல காப்பர் என்று வைத்தால் 8 கேஜில் 0.46 வோல்ட் இறங்கும், 4 கேஜில் 0.18 வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன்.

ஆக, உண்மையான காப்பர் ஒயர், கிளாஸ் டி ஆம்ப் என்றால் 300 முதல் 500 வாட் வரை 8 கேஜ் சமாளிக்கும், 500-லிருந்து 1000 வரை 4 கேஜ், அதற்குமேல் ஜீரோ. பின்னால் இன்னொரு ஆம்ப் சேர்க்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 4 கேஜ் இழுத்துவிடுங்கள். ஒயருக்கு ஆகும் செலவைவிட, மறுபடி சீட்டையும் கார்ப்பெட்டையும் கழற்றி மாட்டும் கூலிதான் வலிக்கும்.

ஓ.எஃப்.சி., சி.சி.ஏ. என்று இரண்டு விலை சொல்கிறார்கள். பாதி விலைக்குக் கிடைப்பதை வாங்கினால் என்ன?

ஓ.எஃப்.சி. என்பது ஆக்சிஜன் நீக்கிய செம்பு. சி.சி.ஏ. என்பது அலுமினியக் கம்பிக்கு மேலே மெல்லியதாகச் செம்பு பூசியது. செம்பு கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் அது கடத்தும். அதுமட்டும்தான் என்றால் ஒரு சுற்றுத் தடிமனாக வாங்கிச் சமாளித்துவிடலாம். 8 கேஜ் காப்பர் வேண்டிய இடத்தில் 6 கேஜ் சி.சி.ஏ. போட்டால் கணக்கு சரியாகிவிடும்.

சிக்கல் என்னவென்றால், சி.சி.ஏ. விற்பவர்கள்தான் அளவிலும் கை வைக்கிறார்கள். "4 கேஜ்" என்று எழுதி உள்ளே 10 ஸ்கொயர் மட்டும் இருக்கிற சி.சி.ஏ. ஒயரை எடுத்துக்கொள்ளுங்கள். அது கடத்தும் திறனில் சுமார் 6.4 ஸ்கொயர் காப்பருக்குச் சமம். அதாவது நேர்மையான 8 கேஜ் காப்பரைவிடவும் மட்டம். பாதி விலை கொடுத்து மூன்றில் ஒரு பங்கு ஒயர்கூட வாங்கவில்லை.

நம் ஊருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஓரத்தில் செம்புப் பூச்சு உரிந்த இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துவிடும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி கடற்காற்று அடிக்கும் ஊர்களில் பேட்டரி முனையிலும் எர்த் முனையிலும் இதைச் சீக்கிரமே பார்க்கலாம். இணைப்பில் தடை கூடும், சூடாகும், பிளாஸ்டிக் இளகும். தவிர, அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக் கொடுக்கும் உலோகம், அதனால் இறுக்கிய ஸ்க்ரூ நாளடைவில் தளர்ந்துவிடும்.

பவர் ஒயருக்கும் எர்த் ஒயருக்கும் காப்பர்தான் என்பது என் முடிவு. கதவு ஸ்பீக்கர்வரை போகும் ஒயர் சி.சி.ஏ.வாக இருந்தால் உலகம் இடிந்துவிடாது.

ஓ.எஃப்.சி. என்ற எழுத்துக்கு மயங்க வேண்டியதும் இல்லை. ஆக்சிஜன் நீக்கிய செம்புக்கும் சாதாரண மின்கம்பிச் செம்புக்கும் கடத்தும் திறனில் ஒரு சதவீத வித்தியாசம்தான். செம்பா அலுமினியமா என்பதுதான் கேள்வி.

கடையில் நிற்கும்போது காப்பர்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒயர் நுனியில் ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். வெள்ளீயம் பூசிய காப்பர் என்று ஒன்று உண்டு, அது நேர்மாறு: வெளியே வெள்ளி நிறம், சுரண்டினால் உள்ளே சிவப்பு. கையில் எடைபோட்டுப் பார்த்தாலும் தெரியும். அலுமினியத்தைவிடச் செம்பு மூன்று மடங்குக்குமேல் கனம். லைட்டர் தீயில் காட்டினால் மெல்லிய அலுமினிய இழை தொய்ந்து அறுந்துவிடும், செம்பு கறுத்து நிற்கும். கடைக்குள் கொளுத்த விடமாட்டார்கள், சுரண்ட விடுவார்கள். அதையும் மறுத்தால், கார் ஆக்சஸரி கடைகள் வரிசையாக இருக்கும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பக்கத்துக் கடைக்குப் போக இரண்டு நிமிடம்.

"1500 வாட் கிட்" என்று பவர் ஒயர், ஆர்.சி.ஏ. (ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டு சிக்னல் கொண்டுபோகும் ஒயர்), ஃபியூஸ் எல்லாம் சேர்த்து ஆன்லைனில் விற்கிறார்களே?

அந்த வாட் எண்ணுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. மலிவான கிட்களில் இருப்பது பெரும்பாலும் 8 அல்லது 10 கேஜ் சி.சி.ஏ., அதுவும் குறை அளவு. விவரத்தில் "100 சதவீதம் காப்பர்" என்றும் ஸ்கொயர் எம்எம்மும் தெளிவாகப் போட்டிருந்தால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் பவர் ஒயரை மீட்டர் கணக்கில் தனியாக வாங்குவதே மேல்.

வீட்டு ஒயரிங் கம்பியைப் போடலாமா? வெல்டிங் கேபிள்?

நல்ல கேள்வி, கடைக்காரர்களுக்குப் பிடிக்காத கேள்வி.

ஐ.எஸ். 694 முத்திரையுள்ள பல இழை வீட்டு ஒயரில் காப்பர் சுத்தம், ஸ்கொயர் எம்எம் கணக்கும் நேர்மை. 1.5 அல்லது 2.5 ஸ்கொயரை ஸ்பீக்கருக்குப் போட எந்தத் தடையும் இல்லை. கொஞ்சம் விறைப்பாக இருக்கும். கதவு திறந்து மூடும் ரப்பர் குழாய்க்குள் அது நாளடைவில் ஒடியலாம் என்பதால், கதவுக்குள் போகும் இடத்துக்கு மட்டும் மெல்லிய இழை ஒயர் நல்லது. பானட்டுக்குள் வீட்டு ஒயர் வேண்டாம். அதன் மேலுறை வழக்கமாக 70 டிகிரி செல்சியஸுக்கானது. மே மாத மதியத்தில் டிராஃபிக்கில் நிற்கும் வண்டியின் இன்ஜின் பக்கம் அது பத்தாது, எண்ணெய் பட்டாலும் தாங்காது.

வெல்டிங் கேபிள் உண்மையிலேயே அருமையான மாற்று. மெல்லிய இழைகள், நன்றாக வளையும், ரப்பர் உறை. 25 ஸ்கொயர் வாங்கினால் 4 கேஜைவிடத் தடிமன். ஒரே எச்சரிக்கை: அலுமினிய வெல்டிங் கேபிளும் அதே கடையில் அதே கறுப்பு உறையில் இருக்கும். "காப்பர்" என்று சொல்லிக் கேட்டு, நுனியைச் சுரண்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறது. பேட்டரி பக்கத்தில் இன்னொன்று எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்புக்கு. பேட்டரி பக்கத்து ஃபியூஸ் ஒயருக்கு. பேட்டரியிலிருந்து டிக்கி வரை காரின் இரும்பு உடம்பை ஒட்டியே 5 மீட்டர் ஒயர் போகிறது. அந்த உடம்பு முழுவதும் எர்த். வழியில் எங்கேயாவது உறை கிழிந்து கம்பி இரும்பில் பட்டால், பேட்டரி சில நூறு ஆம்பியரை அதன் வழியே கொட்டும். ஆம்பில் இருக்கும் ஃபியூஸுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கரன்ட் அதுவரை வந்து சேரவில்லை. ஒயர் பழுத்துக் கார்ப்பெட்டும் சீட்டும் பற்றிக்கொள்ளும்.

உறை எப்படிக் கிழியும் என்று கேட்காதீர்கள். ராத்திரி தெருவில் நிறுத்துகிற வண்டிக்குள் எலி ஏறாத ஊர் உண்டா?

பேட்டரி பிளஸ் முனையிலிருந்து 45 செ.மீ.க்குள், எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் ஃபியூஸ் இருக்க வேண்டும். அளவை ஒயரை வைத்து முடிவு செய்யுங்கள்: 8 கேஜ் காப்பருக்கு 50 முதல் 60 ஆம்பியர், 4 கேஜுக்கு 100 முதல் 125. ஆம்பில் 25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால் மொத்தம் 50. 4 கேஜ் இழுத்திருந்தாலும் அந்த ஆம்புக்கு 60 போட்டால் போதும். சி.சி.ஏ. ஒயர் என்றால் ஒரு படி கீழே இறங்குங்கள். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் முனைகளில் பிடிப்பு தளர்ந்து சூடாகும். போல்ட் போட்டு இறுக்கும் ஏ.என்.எல். அல்லது மினி ஏ.என்.எல். வகையே நல்லது.

எர்த் ஒயரை எங்கே கொடுப்பது?

பவர் ஒயரின் அதே தடிமன், நீளம் அரை மீட்டருக்குள், ஆம்புக்குப் பக்கத்திலேயே காரின் உடம்பில். அந்த இடத்தில் பெயின்ட்டை வெறும் இரும்பு தெரியச் சுரண்டி, லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, பல்வைத்த வாஷரோடு போல்ட்டால் இறுக்க வேண்டும். பிறகு மேலே பெயின்ட்டோ கிரீஸோ தடவுங்கள், இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே துரு ஏறும். கடகட என்று ஆடும் மெல்லிய தகட்டில் கொடுக்காதீர்கள்.

சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுப்பது பல கடைகளின் வழக்கம், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதே என்று. அது உயிர் காக்கும் போல்ட். அதைக் கழற்றி நடுவில் லக்கைச் செருகினால் கம்பெனி சொன்ன இறுக்கம் போய்விடும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்போதைய பல கார்களில் பேட்டரி மைனஸ் முனையில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். பேட்டரிக்குள் எவ்வளவு கரன்ட் போகிறது, வருகிறது என்று கணக்கு வைக்கும் சென்சார் அது. அந்த வண்டியில் எர்த்தை நேராக மைனஸ் முனையில் மாட்டினால் ஆம்ப் குடிக்கும் கரன்ட் கணக்கில் வராது, சார்ஜிங் குழம்பும். காரின் உடம்பில் கொடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

ஸ்பீக்கர் ஒயருக்கு மீட்டர் 300 ரூபாய் கேட்கிறார்கள். சத்தம் நிஜமாகவே மாறுமா?

மாறாது. 3 மீட்டர் தூரத்தில் இருக்கும் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 16 கேஜ் காப்பர் போட்டால், போக வர 6 மீட்டரில் தடை 0.08 ஓம். சத்தத்தில் இழப்பு 0.2 டெசிபெல்லுக்கும் கீழே. காது அதைப் பிடிக்காது. கதவு ஸ்பீக்கருக்கு 16 கேஜ், 2 ஓம் அல்லது 1 ஓமில் ஓடும் சப்வூஃபருக்கு 12 கேஜ், அவ்வளவுதான். மிச்சப் பணத்தைக் கதவின் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டில் போடுங்கள், அங்கே வித்தியாசம் கேட்கும். பிளஸ் மைனஸ் மட்டும் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே பக்கமாக இருக்கட்டும். ஒன்று மாறினால் பேஸ் காணாமல் போகும்.

ஆக்சிலரேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் "ஙொய்ய்" என்று ஏறுகிறது. ஆர்.சி.ஏ. ஒயர் மட்டமானதா?

இருக்கலாம், ஆனால் முதல் சந்தேகம் எர்த் மேல். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் இந்தச் சத்தம் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஸ்டீரியோவின் எர்த்துக்கும் ஆம்பின் எர்த்துக்கும் இடையே சின்ன வோல்ட்டேஜ் வித்தியாசம் இருந்தால் அது ஆர்.சி.ஏ. உறை வழியாகப் பாட்டுக்குள் நுழைந்துவிடும். ஆர்.சி.ஏ.வை ஆம்பிலிருந்து கழற்றிப் பாருங்கள். கழற்றிய பிறகும் சத்தம் இருந்தால் ஆம்பின் எர்த்தையோ ஆம்பையோ பார்க்க வேண்டும். நின்றுவிட்டால் ஸ்டீரியோ பக்கத்து எர்த், அல்லது ஆர்.சி.ஏ. போகும் பாதை.

பவர் ஒயர் காரின் ஒரு பக்கம், ஆர்.சி.ஏ. மறுபக்கம் என்று பிரித்துப் போடுவது நல்ல வழக்கம். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கட்டும். ஆர்.சி.ஏ.வுக்குத் தங்கமுலாம் தேவையில்லை, கெட்டியாகப் பிடிக்கும் முனையும் நல்ல உறையும் இருந்தால் சரி.

ரிமோட் ஒயர் எது?

ஸ்டீரியோவில் நீலத்தில் வெள்ளைக் கோடு. ஸ்டீரியோ எழுந்தால் ஆம்பும் எழ வேண்டும் என்று சொல்லும் சிக்னல், கரன்ட் மிகக் குறைவு, 18 கேஜ் போதும்.

சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன சப்வூஃபருக்கும் இவ்வளவு வேலையா?

இல்லை. அதன் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான். 4 ஸ்கொயர் அல்லது 10 கேஜ் காப்பர், பேட்டரியிலிருந்து தனியாக, அதே அளவு ஃபியூஸோடு. சிகரெட் லைட்டர் சாக்கெட்டின் பின்னாலிருந்து எடுக்காதீர்கள், அதில் ஏற்கெனவே போன் சார்ஜரும் டயருக்குக் காற்றடிக்கும் பம்பும் தொங்கும்.

பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட் மங்குகிறது. கெப்பாசிட்டர் வைக்கச் சொல்கிறார்கள்.

முதலில் மீட்டரை எடுத்து வோல்ட் அளந்து பாருங்கள். சின்ன கார்களின் ஆல்டர்னேட்டர் தருவதே அளவோடுதான், அதில் ஏசி, லைட், ஃபேன் எல்லாம் பங்கு கேட்கும். கெப்பாசிட்டர் கரன்ட்டை உற்பத்தி செய்யாது, கண நேரத்துக்குத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவே. அதற்குச் செலவழிப்பதற்குமுன் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பிளஸுக்கும், பேட்டரி மைனஸிலிருந்து காரின் உடம்புக்கும், இன்ஜினிலிருந்து உடம்புக்கும் போகும் மூன்று ஒயர்களுக்கும் துணையாகத் தடிமனான காப்பர் போட்டுப் பாருங்கள். முதலாவதற்கு ஃபியூஸ் கட்டாயம். பேட்டரி மூன்று நான்கு வருடம் ஓடியதா என்பதையும் பாருங்கள், பல நேரம் கதை அங்கேயே முடிந்துவிடும்.

இணைப்புகளுக்கு இன்சுலேஷன் டேப் போதாதா?

வெயிலில் நிறுத்திய காருக்குள் பசை உருகி டேப் வழுக்கிவிடும், கம்பி வெளியே எட்டிப் பார்க்கும். சரியான அளவு லக், அதை ஒயரோடு அழுத்தி இறுக்கும் கிரிம்பிங் கருவி, மேலே சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய், இவைதான் வேண்டும். தடித்த ஒயருக்குக் கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்பிங் ஆகாது. ஒயரைக் கடித்துக்கொண்டு ஒட்டும் பிளாஸ்டிக் கிளிப்கள் ரிமோட் ஒயரோடு நிற்கட்டும்.

ஒயரை எந்த வழியாகக் கொண்டுபோவார்கள்? நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பானட்டிலிருந்து உள்ளே வரும் இரும்புச் சுவரில் ரப்பர் புஷ் உள்ள துளை வழியாகத்தான் வர வேண்டும். வெறும் தகட்டுத் துளையின் விளிம்பு கத்தி. இன்ஜின் பக்கம் முழுவதும் நெளிகுழாய் போட்டுக் கட்ட வேண்டும். உள்ளே வாசற்படிப் பிளாஸ்டிக்குக்கு அடியில், பெடலுக்கும் சீட் தண்டவாளத்துக்கும் விலகி.

மஞ்சள் உறை, மஞ்சள் கப்ளர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் ஒயர். தொடக் கூடாது, மீட்டரும் வைக்கக் கூடாது. மின்சாரக் காரில் ஆரஞ்சு நிறக் கேபிள் உயர் மின்னழுத்தம், அதன் பக்கமே போக வேண்டாம். அதிலும் ஆடியோவுக்கு வேண்டிய 12 வோல்ட் சின்ன பேட்டரி தனியாக இருக்கும், இணைப்பு அங்கிருந்துதான்.

வாரன்ட்டி போய்விடுமா?

காரின் ஒயரை வெட்டினால் மின்பாகங்களுக்கான வாரன்ட்டியை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். கப்ளர் போட்டு, பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழுத்தால் வாதாட இடமிருக்கும். வண்டி வாரன்ட்டியில் இருந்தால் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியில் மாட்டிய ஆடியோவின் மதிப்பை இன்சூரன்ஸில் தனியாகச் சேர்க்கலாம், கொஞ்சம் கூடுதல் பிரீமியம் ஆகும். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது எதைச் சோதிப்பது?

பிளாஸ்டிக்குகளை மூடுவதற்கு முன்பே போய் நில்லுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எர்த் போல்ட் எங்கே, சுவரில் ரப்பர் இருக்கிறதா என்று போன் கேமராவில் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் இன்ஜின் ஓடட்டும், பேஸ் உள்ள பாட்டைச் சத்தமாக வைத்து, பேட்டரி முனைகளில் ஒருமுறையும் ஆம்பின் முனைகளில் ஒருமுறையும் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பணத்தைக் கொடுக்கலாம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் எர்த், ஃபியூஸ் முனை, ஒயர் என்று இந்த வரிசையில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பாட்டு ஓடிய பிறகு ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் வண்டியை அங்கிருந்து நகர்த்த வேண்டாம்.